மருத்துவ அறையில் யார் இருக்கிறார்கள்?

(நம் சங்கத்தின் ஜூன் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, வண்டி நிறுத்தும் இடம் என்று வழக்கமாகப் பேசும் விஷயங்களைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த முறை பிள்ளைகளைப் பற்றிப் பேசலாம் என்று செயற்குழுவில் முடிவு செய்தார்கள். பள்ளிக்கூடம் திறந்த மாதம் என்பதால் ‘பள்ளியில் பிள்ளைகளின் உடல்நலமும் பாதுகாப்பும்’ என்ற தலைப்பை என்னிடம் கொடுத்தார்கள். நான் மருத்துவம் படித்தவன் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். விதி என்ன சொல்கிறது, பதிவேட்டில் என்ன இருக்க வேண்டும், யார் கையெழுத்துப் போட வேண்டும் என்ற வழியில்தான் எனக்குப் பார்க்கத் தெரியும். அப்படிப் பார்த்ததில் தெரிய வந்ததைச் சொல்கிறேன். மருத்துவச் செய்தி எதிலாவது ஐயம் இருந்தால் உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலை நாட்கள் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. நம் வாசலில் காலை ஏழரைக்கு வேன் ஏறுகிற பிள்ளை வீடு திரும்ப மாலை நான்கு மணி ஆகிறது. நாளுக்கு எட்டரை மணி நேரம். பெருக்கினால் ஆண்டுக்கு 1,870 மணி நேரம். அத்தனை நேரமும் பிள்ளை நம் கண்ணில் இல்லை. அந்த நேரத்தில் காய்ச்சல் வரலாம், விளையாட்டு மைதானத்தில் விழலாம், மூச்சிரைக்கலாம், வலிப்பு வரலாம். அப்போது பிள்ளையைப் பார்க்கப் போகிறவர் யார்? அவருக்கு நம் பிள்ளையைப் பற்றி என்ன தெரியும்? இன்றைய பேச்சு முழுவதும் இந்த இரண்டு கேள்விகள்தான்.

பள்ளிக்கு நர்ஸ் வந்த கதை

பள்ளி நர்ஸ் என்ற வேலை எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் அதன் அருமை புரியும். நியூயார்க் நகரில் 1890களின் பிற்பகுதியில் பள்ளிகளுக்கு மருத்துவர்களை அனுப்பிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க ஆரம்பித்தார்கள். கண்நோய், படர்தாமரை, பேன், சிரங்கு என்று எது இருந்தாலும் சீட்டு எழுதிக் கொடுத்துப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வெளிநாடுகளிலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பங்கள் அவை. அந்தச் சீட்டைப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் பலர். வைத்தியமும் நடக்காது, பள்ளியும் கிடையாது. பகலெல்லாம் தெருவில் சுற்றிவிட்டுச் சாயங்காலம் அதே கூட்டாளிகளோடு விளையாடும் பிள்ளை. நோய் பரவாமல் தடுக்கச் செய்த ஏற்பாடு பயனில்லாமல் போனது.

லில்லியன் வால்டு என்ற அம்மையார் அந்த ஏழைகள் நடுவில் செவிலியர் இல்லம் ஒன்றை நடத்தி வந்தார். அவர் 1902 அக்டோபரில் லினா ராஜர்ஸ் என்ற நர்ஸை ஒரு மாதச் சோதனையாக நான்கு பள்ளிகளுக்கு அனுப்பினார். பள்ளியிலேயே மருந்து போட முடிந்தவர்களுக்குப் போட்டு வகுப்புக்கே திருப்பி அனுப்பினார் அந்த நர்ஸ். மாலையில் வீடுகளுக்குப் போய், எப்படிச் சுத்தம் செய்வது, எப்படி மருந்திடுவது என்று தாய்மார்களுக்குச் செய்து காட்டினார். நகர நிர்வாகம் இதைப் பார்த்துவிட்டு மேலும் பல நர்ஸ்களை நியமித்தது. நோயால் பள்ளியிலிருந்து அனுப்பப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஒரே ஆண்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

மருத்துவர் நோயைக் கண்டுபிடித்தார். அதற்கு அடுத்த வேலையைச் செய்ய ஆள் இல்லாமல் இருந்தது. அந்த ஆள்தான் நர்ஸ்.

நம் ஊரில் நிலைமை

நம் நாட்டில் 2013இல் தேசியச் சிறார் நலத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆங்கிலச் சுருக்கத்தில் ஆர்.பி.எஸ்.கே. என்பார்கள். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளவர்களைப் பரிசோதிப்பது இதன் வேலை. பிறவிக் குறைபாடு, நோய், சத்துக் குறைவு, வளர்ச்சித் தாமதம் என்று நான்கு வகையாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். மருத்துவர்கள், செவிலியர், மருந்தாளுநர் அடங்கிய நடமாடும் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும், அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் ஆண்டுக்கு ஒரு முறையும் போக வேண்டும். இதயத்தில் ஓட்டை, பிளவு உதடு, பார்வைக் குறைபாடு, ரத்தசோகை என்று எது தெரிந்தாலும் மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். நல்ல திட்டம்.

இந்தக் குழு போகும் பள்ளிகளின் பட்டியலில் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகள் இல்லை. நம் குடியிருப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பதோ அப்படிப்பட்ட பள்ளிகளில்தான். நம் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் பிள்ளையைப் பள்ளிக்கே வந்து பரிசோதிக்க அரசாங்கத்தில் ஒரு குழு இருக்கிறது. நம் பிள்ளைக்கு அது பள்ளி நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. வசதி இருக்கிறவர்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணத்தில் செய்திருக்கலாம். நாம் பார்த்துக்கொள்கிறோமா என்பதுதான் கேள்வி.

சரி, விதிகள் தனியார் பள்ளிகளிடம் என்ன கேட்கின்றன? கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், ஒரு பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியல் இருக்கிறது. ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் தடையில்லாமல் வர வழி, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், மதிய உணவு சமைக்கும் இடத்தில் சமையலறை, விளையாட்டு மைதானம், சுற்றுச்சுவர் அல்லது வேலி. நம் மாநிலத்தில் அங்கீகாரம் பெற நான்கு சான்றுகள் வேண்டும். அவை கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று. சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு அந்த வாரியத்தின் இணைப்பு விதிகள் உண்டு. மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அவை கேட்கின்றன.

எல்லாம் தேவையானவையே. ஆனால் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலும் சரி, அந்த நான்கு சான்றுகளிலும் சரி, பள்ளி நேரம் முழுவதும் தகுதி பெற்ற நர்ஸ் ஒருவர் இருக்க வேண்டும் என்ற வரி இல்லை. கட்டடத்துக்குச் சான்று இருக்கிறது. கட்டடத்துக்குள் மயங்கி விழும் பிள்ளையைத் தூக்கப் போகிறவருக்குச் சான்று கேட்பார் இல்லை. அதனால்தான் பெற்றோர் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு பிள்ளை

இருக்கிற விதிகளும் சும்மா வந்துவிடவில்லை. 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் நடந்தது நமக்கெல்லாம் நினைவிருக்கும். சமையலறையில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 பிள்ளைகள் போனார்கள். படிக்கட்டு குறுகல், வெளியேற வழி இல்லை. அதன் பிறகு கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. அந்தத் தீ விபத்தை ஒட்டித் தொடுக்கப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்புச் சொன்னது. கல்வி உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அதில் அடக்கம் என்றது. தீயணைப்புக் கருவிகளும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கட்டாயம் என்றது.

2012 ஜூலையில் தாம்பரம் பக்கத்தில் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி கீழே விழுந்து இறந்தாள். அதே ஆண்டு தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகள் வந்தன. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், உதவியாளர் எல்லாம் அதில் வருகின்றன. 2022இல் சென்னையில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி இன்னொரு இரண்டாம் வகுப்புப் பிள்ளை இறந்தான். அந்த ஆண்டு, வண்டியின் முன்னும் பின்னும் கேமராவும், பின்பக்கம் சென்சாரும் வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. 2017இல் குருகிராமில் பள்ளிக் கழிப்பறையில் ஒரு சிறுவன் கொல்லப்பட்டான். அவன் தந்தை உச்ச நீதிமன்றம் போனார். பிள்ளையின் பாதுகாப்புக்குப் பள்ளி நிர்வாகமே பொறுப்பு என்று வரையறுக்கும் வழிகாட்டு நெறிகளை மத்தியக் கல்வி அமைச்சகம் 2021இல் வெளியிட்டது அதன் தொடர்ச்சிதான்.

தேதிகளை வரிசையாகப் பார்த்தால் மனம் கனக்கிறது. ஒவ்வொரு விதிக்கும் முன்னால் ஒரு பிள்ளை போயிருக்கிறது. பள்ளியில் நர்ஸ் வேண்டும் என்ற விதிக்காக இன்னொரு பிள்ளை போகும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

நாம் கேட்க வேண்டியவை

பேரனுக்கு இடம் கேட்டுச் சில பள்ளிகளுக்குப் போனேன். ஒரு பள்ளியில் ‘மருத்துவ அறை’ என்று பளபளப்பான பலகை. உள்ளே ஒரு கட்டில். அதன்மேல் விளையாட்டு விழாக் கொடிகளும் வளையங்களும். நர்ஸ் எங்கே என்றேன். அலுவலகத்தில் இருக்கும் பெண்மணி பார்த்துக்கொள்வார் என்றார்கள். வேறொரு பள்ளியில் பலகைகூட மங்கிப் போயிருந்தது. உள்ளே நர்ஸ் இருந்தார், மேசையில் பதிவேடு இருந்தது. முதல் நாள் மதியம் 12.10க்கு வந்த பிள்ளை, என்ன தொந்தரவு, என்ன செய்தார், எத்தனை மணிக்கு யாரிடம் போனில் சொன்னார் என்று கோடு போட்டு எழுதியிருந்தது. எனக்கு வகுப்பறையைப் பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

பள்ளியில் நீங்கள் கேட்க வேண்டியவை ஆறே ஆறு.

ஒன்று: நர்ஸ் இருக்கிறாரா, பள்ளி நேரம் முழுவதும் இருக்கிறாரா? அவர் நர்சிங் படித்து, மாநிலச் செவிலியர் மன்றத்தில் பதிவு பெற்றவரா? ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங் என்று படிப்பில் பல உண்டு. வெள்ளைக் கோட்டு போட்டவர் எல்லாம் நர்ஸ் ஆகிவிட மாட்டார்.

இரண்டு: அவர் விடுப்பில் போனால் யார்? வங்கியில் பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில் இருக்கும். ஒருவர் வராவிட்டால் யாரிடம் ஒப்படைப்பது என்று எழுதி வைத்திருப்போம். பணத்துக்கு இவ்வளவு செய்கிறோம். முதலுதவிப் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒவ்வொரு மாடியிலும் ஒருவராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். விளையாட்டு ஆசிரியர் பயிற்சி பெற்றவரா என்று தனியாகக் கேளுங்கள்.

மூன்று: பதிவேடு இருக்கிறதா? பதிவேடு இருந்தால்தான், ஒரே வகுப்பில் மூன்று நாளில் ஐந்து பேருக்கு வயிற்றுப்போக்கு என்பது கண்ணில் படும். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கத் தோன்றும். ஒரே பிள்ளை வாராவாரம் கணக்குப் பாட நேரத்தில் வயிற்றுவலி என்று வந்தால், வலி வயிற்றில் இல்லை என்பதும் தெரியும்.

நான்கு: ஆண்டுப் பரிசோதனையில் என்ன பார்க்கிறார்கள், முடிவு வீட்டுக்கு வருகிறதா? உயரம், எடை மட்டும் எழுதி அட்டையை அடுக்கி வைத்தால் போதாது. கண் பார்வை, காது, பல், ரத்தசோகை பார்க்க வேண்டும். கரும்பலகை தெரியாத பிள்ளை ‘கவனம் இல்லை’ என்று திட்டு வாங்கிக்கொண்டிருக்கும்.

ஐந்து: மாத்திரை கொடுக்கும் முறை என்ன? பெற்றோரின் எழுத்து மூலமான அனுமதியும் மருத்துவர் சீட்டும் இல்லாமல் மருந்து கொடுக்கக் கூடாது. காய்ச்சல் என்றால் எந்த மருந்து, எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

ஆறு: அவசரம் என்றால் எந்த மருத்துவமனை, எந்த வண்டி, கூட யார் போவார்? பெற்றோர் போன் எடுக்கும்வரை காத்திருப்பார்களா, உடனே கிளம்புவார்களா? உடனே கிளம்ப வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்றால், நாப்கினும் மாற்று உடையும் மருத்துவ அறையில் உண்டா, ஆண்களிடம் கேட்காமல் வாங்கிக்கொள்ள முடிகிறதா என்பதையும் அம்மாக்கள் விசாரியுங்கள்.

நாம் கொடுக்க வேண்டிய ஒரு பக்கம்

கேட்பது பாதி. மீதிப் பாதி நம்மிடம் இருக்கிறது. பள்ளியில் சேர்க்கும்போது ஒரு படிவம் கொடுக்கிறார்கள். ‘ஏதேனும் நோய் உண்டா?’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு வந்துவிடுகிறோம். இருந்தாலும் இல்லை என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஏன் என்று எனக்குப் புரியாமல் இல்லை. சொன்னால் இடம் கிடைக்காதோ என்ற பயம். மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்களோ என்ற பயம். பெண்பிள்ளைக்கு வலிப்பு என்றால் நாளைக்கு வரன் பார்க்கும்போது யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

அந்தப் பயத்துக்குப் பள்ளி பதில் சொல்ல வேண்டும். நோய் விவரம் நர்ஸுக்கும் வகுப்பாசிரியருக்கும் தலைமையாசிரியருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். அதைப் பூட்டி வைக்க வேண்டும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. இந்த உறுதியைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியபின் மறைக்காதீர்கள். விவரம் தெரியாத நர்ஸ் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் முதல் பத்து நிமிடம் வீணாகும். சில நோய்களில் அந்தப் பத்து நிமிடம்தான் முக்கியம்.

மூச்சிரைப்பு உள்ள பிள்ளையின் இன்ஹேலர், மூன்றாம் மாடியில் பூட்டிய அலமாரியில் இருந்து பயனில்லை. அது பிள்ளையின் பையிலோ ஆசிரியரின் மேசையிலோ இருக்க வேண்டும். இன்சுலின் போடும் பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், எரிந்து விழும், தூங்கி வழியும். அடங்காத பிள்ளை என்று வெளியே நிறுத்தினால் ஆபத்து. உடனே சர்க்கரையோ பழச்சாறோ கொடுக்க வேண்டும், தனியாக எங்கும் அனுப்பக் கூடாது. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டும். இந்தப் பிள்ளைகள் வகுப்பில் சர்க்கரை அளவு பார்த்துக்கொள்ளவும், இன்சுலின் போட்டுக்கொள்ளவும், இடையில் சிற்றுண்டி சாப்பிடவும் அனுமதிக்க வேண்டும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் எழுதியிருக்கிறது. பொதுத் தேர்வு அறைக்குள் தின்பண்டம் கொண்டுபோக சி.பி.எஸ்.இ. 2017லேயே அனுமதித்துவிட்டது. உரிமை இருக்கிறது. கேட்கத்தான் ஆள் வேண்டும்.

ஆகவே ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, ரத்த வகை, எடை. இருக்கும் நோய், சாப்பிடும் மருந்து, எந்த மருந்தோ உணவோ ஒத்துக்கொள்ளாது. முந்தைய அறுவை சிகிச்சை. குழந்தை மருத்துவரின் பெயரும் எண்ணும். கூப்பிட வேண்டிய மூன்று பேர், வரிசைப்படி. மூன்றாவது பெயர் பகலில் வீட்டில் இருக்கும் பக்கத்து வீட்டாராக இருக்கட்டும். வங்கிக் கணக்குக்கு நாமினி போடும்போது எவ்வளவு யோசிக்கிறோம்! அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக யோசித்து இந்த மூன்று பெயரை எழுதுங்கள். ஒவ்வொரு ஜூனிலும் புதுப்பியுங்கள். எடை மாறும், போன் எண் மாறும்.

காய்ச்சலோடு அனுப்பாதீர்கள்

இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பிள்ளைக்குக் காலையில் காய்ச்சல் என்றால் திண்டாட்டம்தான். பாரசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். நான்கு மணி நேரம் கழித்து மருந்தின் வேகம் குறைந்து காய்ச்சல் ஏறும். அதற்குள் பக்கத்துப் பெஞ்சுக்கும் போயிருக்கும். மருந்து இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை என்றால் அனுப்பலாம். அம்மை போட்டிருந்தால் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டியபின் அனுப்பலாம். பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் கண்டதிலிருந்து ஐந்து நாள் வீட்டில் இருக்கட்டும். ‘மெட்ராஸ் ஐ’ என்று நம் ஊர்ப் பெயரையே தாங்கி நிற்கும் கண்நோய் வந்தால், கண்ணில் நீர் வடிவது நின்று மருத்துவர் சொன்ன பிறகு அனுப்புங்கள்.

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்துங்கள். அந்தப் பரிசுக்காகக் காய்ச்சலோடு வரும் பிள்ளைகள் உண்டு.

இந்த இடத்தில் நம்மைப் போன்ற தாத்தா பாட்டிகளுக்கு வேலை இருக்கிறது. பகலில் வீட்டில் இருப்பவர்கள் நாம்தான். பள்ளியிலிருந்து போன் வந்தால் எடுக்கப்போவதும் பெரும்பாலும் நாம்தான். ஆகவே சில பழைய பழக்கங்களை விட்டுவிடுவோம். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்து கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, வாயில் எதையும் திணிக்காமல் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் 108. மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து வைக்காமல், முன்னால் குனிய வைத்து மூக்கின் மெதுவான பகுதியைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சுட்டுக்கொண்டால் பற்பசையும் காபித்தூளும் வேண்டாம், குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் விடுங்கள். நாய் கடித்தால் உடனே 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஊசிக்குப் போங்கள். நிரந்தரப் பல் வேரோடு விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் எடுத்து, பாலில் போட்டு, உடனே பல் மருத்துவரிடம் ஓடுங்கள். தலையில் அடிபட்ட பிள்ளை வாந்தி எடுத்தாலோ, தூங்கி வழிந்தாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

சங்கம் செய்யக்கூடியவை

கடைசியாக, சங்கத்தின் முன் நான்கு யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, பெற்றோர் ஒன்றாகக் கடிதம் எழுதுவது. ஒருவர் கேட்டால் ‘தொல்லை பிடித்த பேரண்ட்’ என்று பெயர் வரும். ஒரே பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் பத்துப் பேர் கையெழுத்திட்டு, நர்ஸ் பற்றியும் பதிவேடு பற்றியும் பணிவாகக் கேட்டால் பதில் வரும்.

இரண்டாவது, நம் வாசலுக்கு வரும் வேன்கள். பள்ளிப் பேருந்துகளைப் பள்ளி திறக்கும் முன் அதிகாரிகள் பார்க்கிறார்கள். தனியாக அமர்த்தும் வேனையும் ஆட்டோவையும் நாம்தான் பார்க்க வேண்டும். எத்தனை பிள்ளைகள் ஏறுகிறார்கள், முதலுதவிப் பெட்டி உண்டா, ஓட்டுநர் போனில் பேசிக்கொண்டே ஓட்டுகிறாரா என்று கவனித்துப் பெற்றோருக்குச் சொல்ல, முறைவைத்து இரண்டு பெரியவர்கள் காலையில் கேட்டில் நிற்கலாம். நான் பெயர் கொடுக்கிறேன். வேன் பின்பக்கமாக நகரும்போது பின்னால் பிள்ளைகள் நிற்காமல் பார்க்கும்படி நம் காவலாளிகளுக்கும் சொல்லி வைப்போம்.

மூன்றாவது, முதலுதவிப் பயிற்சி. அரை நாள் போதும். நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முறையையும், தொண்டையில் சிக்கியதை எடுக்கும் முறையையும் பொம்மையை வைத்துக் கற்றுக்கொடுப்பார்கள். வீட்டுக்கு ஒருவர் வரட்டும். காவலாளிகளும் வீட்டு வேலை செய்கிறவர்களும் கட்டாயம் வரட்டும். அவர்களுடைய பிள்ளைகளும் பள்ளிக்குப் போகிறவர்கள்தான்.

நான்காவது, அறிவிப்புப் பலகையில் மூன்று எண்கள் நிரந்தரமாக இருக்கட்டும்: ஆம்புலன்ஸ் 108, குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் வழிகாட்டி எண் 14417. உடம்பைப் பற்றிய பயத்தைப் போலவே, தொடக்கூடாத இடத்தில் யாரோ தொட்டார்கள் என்ற பயத்தையும் பிள்ளை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். நல்ல பள்ளி நர்ஸிடம் பிள்ளைகள் முதலில் சொல்வது அதைத்தான் என்று ஆசிரியர்கள் சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தலைவலி என்று போய்ப் படுத்துக்கொண்டு, மெல்ல வாய் திறக்கும். அதைக் கேட்க அந்த அறையில் ஒரு மனிதர் இருக்க வேண்டும்.

நர்ஸ் ஒருவரின் மாதச் சம்பளத்தைப் பள்ளியின் மொத்தப் பிள்ளைகளுக்கும் வகுத்துப் பாருங்கள். ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் சம்பளம் 25,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பிள்ளைக்கு மாதம் 25 ரூபாய். ஸ்மார்ட் கிளாஸுக்கும் ஆண்டு விழா உடைக்கும் நாம் கொடுப்பதோடு ஒப்பிட்டால் இது ஒரு செலவே இல்லை. கட்டணம் கட்டும் நாம் இதைக் கேட்டால், பள்ளிகள் மறுக்கக் காரணம் இல்லை.

இந்த வாரமே அந்த ஒரு பக்கத்தை எழுதி, பிள்ளையின் டைரியில் வைத்து அனுப்புங்கள். படிவத்தின் மாதிரியை அலுவலக அறையில் வைத்திருக்கிறேன், தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. எழுத உதவி வேண்டுவோர் மாலை ஐந்து மணிக்கு மேல் வாருங்கள், உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறேன்.